அலைக்கேற்ற ஆடியும் கண்ணுக்கேற்ற கண்ணாடியும்

(பத்து காஜா வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இன்று மாலை இம்மண்டபத்திற்கு வரும் வழியில் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல வீடுகளின் சுவர்களில் ஆஸ்ட்ரோ தட்டுகள் வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. நாளை விடியுமுன் நீங்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் தலைவிளக்கினுள்ளே ஒரு சிறு கிண்ணம் பளபளக்கின்றது. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் மூக்குக் கண்ணாடி அணிந்திருக்கின்றனர். தட்டு, கிண்ணம், கண்ணாடி ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு கடைகளில் விற்கும் பொருள்கள். ஆயினும் அவை செய்யும் தொழில் ஒன்றே. அலைகளை வளைத்தோ திருப்பியோ வேண்டிய இடத்திற்கு அனுப்புவதே அத்தொழில்.

"விஞ்ஞானம் படித்தவர்க்கு உரியது, பால்மரம் வெட்டும் நமக்கு அது எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். நானும் பால்மரம் வெட்டிய தாயின் மகனே. இந்த விஞ்ஞானத்தை அறியாமையால் என் அன்னையார் தமது நிரையை இழந்தார். அறிந்தபின் அதனைத் திரும்பப் பெற்றார். அது எவ்வாறு என்பதை உரையின் முடிவில் கூறுகிறேன். அதற்கு முன் அலைகள் என்பன யாவை என்று காண்போம்.

நம் வட்டாரத்தில் பழைய ஈயக் குட்டைகளுக்குக் குறைவில்லை. குட்டையில் ஒரு கல்லை எறிந்தால் அலைகள் வட்டமாகப் பரவுகின்றன. ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரத்தை அலைநீளம் என்பர். ஒளி, வானொலி அலை, வெப்பக் கதிர், மருத்துவமனையில் எலும்பைப் படம்பிடிக்கும் எக்ஸ் கதிர் ஆகிய யாவும் மின்காந்த அலைகள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அண்ணன் தம்பிகள் உயரத்தில் வேறுபடுவதுபோல் இவை அலைநீளத்தில் வேறுபடுகின்றன. நீங்கள் கேட்கும் மின்னல் பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீட்டர். ஆஸ்ட்ரோ தட்டுக்கு விண்கோளிலிருந்து வரும் அலையின் நீளம் சுமார் 2.5 செண்டிமீட்டர். கண்ணால் காணும் ஒளியோ மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் செவ்வொளியின் அலைகள் ஏறத்தாழ 1,400 அடங்கும். ஊதா ஒளியின் அலைகள் 2,500 அடங்கும். எக்ஸ் கதிரின் அலை அதனினும் பன்மடங்கு சிறியது.

இவ்வலைகளை ஓரிடத்தில் குவிப்பது எங்ஙனம்? கோயில் தேரிழுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும், எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் தேர் நகரும். பாதிப்பேர் இழுக்கும்போது மறுபாதியினர் தளர்த்தினால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். அலைகளும் அத்தகையனவே. குழிந்த தட்டின் விளிம்பில் பட்ட அலையும் நடுவில் பட்ட அலையும் குவியும் இடத்தை ஒரே நேரத்தில், ஒத்த முகட்டோடு அடைய வேண்டும். அப்போதுதான் அவை ஒன்றுக்கொன்று வலுவூட்டும். தட்டின் வளைவு அதற்கெனக் கணக்கிட்டு அமைக்கப்பட்டதாகும். தட்டில் ஓரிடம் பள்ளமாகிவிட்டால், அங்கே பட்ட அலை பின்தங்கி, மற்ற அலைகளின் வலிமையையும் கெடுத்துவிடும்.

அவ்வாறாயின், தட்டு எவ்வளவு வழவழப்பாக இருத்தல் வேண்டும்? இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. குவிக்க வேண்டிய அலையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மேடு பள்ளம் இருத்தல் ஆகாது. சல்லடைபோல் ஓட்டைகள் இருந்தாலும், அவை அந்த அளவுக்குள் அடங்கினால் அலை அவற்றைப் பொருட்படுத்தாது. அதற்கு அது முழுச்சுவராகவே தோன்றும். தோழர்களே, இன்றைய உரையில் வேறெதனை மறந்தாலும் இந்தப் பத்தில் ஒரு பங்கை மறவாதீர்கள்.

வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் சிறுசிறு துளைகளிட்ட உலோகத் தகடு பதிந்திருக்கும். உள்ளே உணவைச் சூடாக்கும் அலையின் நீளம் சுமார் 12 செண்டிமீட்டர். துளைகளோ ஓரிரு மில்லிமீட்டர் அகலமே கொண்டவை. ஆகவே அந்த அலை வெளியேற முடியாமல் உள்ளேயே மோதித் திரும்புகின்றது. ஒளியின் அலையோ துளையைவிட மிக மிகச் சிறியது. எனவே அது தாராளமாகப் புகுந்து வெளிவருகின்றது. அதனாற்றான் உள்ளே சுழலும் உணவை நாம் காண்கிறோம். ஒரே தகடு ஓர் அலைக்குச் சுவராகவும் மற்றோர் அலைக்குச் சன்னலாகவும் இருக்கின்றது!

இவ்விதியைப் பெரிய அளவிற் காண விரும்பினால் தமிழ்நாட்டின் நீலகிரிக்குச் செல்ல வேண்டும். உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரை என்னுமிடத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி உள்ளது. கோவிந்த் ஸ்வரூப் என்னும் விஞ்ஞானியின் தலைமையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் அதனை 1970ஆம் ஆண்டு கட்டி முடித்தனர். அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். மலைச்சரிவில் நீளவாக்கில் கிடத்திய ஒரு பெரிய தொட்டியைப்போல் அது காட்சி தரும். இத்துணைப் பெரிய ஆடியைத் தகட்டால் செய்திருந்தால் காற்று அதனைப் பெயர்த்தெறிந்திருக்கும், செலவும் கட்டுபடியாகாது. ஆனால் அது குவிக்கும் வானொலி அலையின் நீளம் சுமார் 92 செண்டிமீட்டர். அதிற் பத்தில் ஒரு பங்கு 9 செண்டிமீட்டர் அல்லவா? எனவே தகடு தேவைப்படவில்லை. வளைந்த 24 சட்டங்களின்மேல், துருப்பிடிக்காத மெல்லிய எஃகுக் கம்பிகள் 1,100ஐ ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டினர். காற்றும் மழையும் கம்பிகளின் இடையே புகுந்து போகும். விண்ணிலிருந்து வரும் வானொலி அலை மட்டும் முழு ஆடியில் பட்டதுபோல் திரும்பிக் குவியும்.

அதனை மலைச்சரிவில் கட்டியதும் காரணத்தோடுதான். அவ்விடம் பூமியின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே உள்ளது. சரிவின் சாய்வும் அதே 11 பாகை. ஆதலால் தொலைநோக்கியின் நீள அச்சு, பூமி தன்னைத்தானே சுற்றும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி சுழலச் சுழல, தொலைநோக்கியை ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை 9 மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தொடரலாம். இயற்கை தந்த சரிவை அறிவினால் கருவியாக்கிய சிறப்பினை எண்ணிப் பாருங்கள்.

இனி, கண்ணால் காணும் ஒளிக்கு வருவோம். உங்களுள் பலருடைய முன்னோர் பிறந்த வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஜவ்வாது மலை உள்ளது. அம்மலையில் காவலூர் என்னும் சிற்றூரில் ஒரு வானாய்வகம் இயங்குகின்றது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி அங்கே 1986ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்துவைக்கப்பட்டது. அதற்காகப் பெரிதும் உழைத்த வைணு பாப்பு என்னும் வானியலறிஞர், அது நிறைவுறுமுன் 1982ஆம் ஆண்டு காலமாகிவிட்டார். ஆகவே அவர் பெயரையே அதற்குச் சூட்டினர். இருளில் விரிந்த நமது கண்மணியைக் காட்டிலும் இலட்சம் மடங்கிற்கு மேலான ஒளியை அந்த ஆடி திரட்டுகின்றது.

இங்கே பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு! தலைமயிரின் பருமனோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. உதகையில் ஓர் அங்குல இடைவெளியைப் பொறுத்துக்கொண்ட அதே விதி, காவலூரில் ஒரு மயிரிழையையும் பொறுத்துக்கொள்ளாது. அதனாற்றான் அந்த ஆடியைப் பெங்களூரில் பொறுமையோடு தேய்த்து மெருகேற்றி, அதன்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு இட்டனர்.

"கண்ணாடி லென்சும் ஒளியைக் குவிக்கின்றதே, பெரிய தொலைநோக்கிக்கு அதனைப் பயன்படுத்தலாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செம்மண் சாலையில் செல்லும் டிராக்டரின் இடப்பக்கச் சக்கரங்கள் சேற்றில் இறங்கினால், அப்பக்கம் வேகம் குறைந்து வண்டி இடப்பக்கமே திரும்பும். கண்ணாடிக்குள் சாய்வாகப் புகும் ஒளியும் அவ்வாறே வேகம் குறைந்து வளைகின்றது. ஆனால் நீல ஒளிக்குச் சேறு சற்று ஆழம். செவ்வொளிக்குச் சற்று மேலோட்டம். எனவே நீலம் அதிகமாக வளைந்து அருகிலும், சிவப்பு குறைவாக வளைந்து தொலைவிலும் குவியும். உருவத்தைச் சுற்றி வண்ணக்கரை படியும். ஆடியில் இந்தக் குறை இல்லை; அது எல்லா நிறங்களையும் ஒன்றுபோலவே திருப்புகின்றது. இதனையறிந்தே ஐசக் நியூட்டன் 1668ஆம் ஆண்டு ஆடியினால் ஒரு தொலைநோக்கி செய்தார். இன்றைய பெரிய தொலைநோக்கிகள் யாவும் ஆடியையே கொண்டுள்ளன.

அன்றியும், எல்லா அலைக்கும் கண்ணாடி வழிவிடாது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் விமான நிலையங்களில் நம் உடலின் வெப்பத்தை ஒரு கேமரா அளந்தது நினைவிருக்கும். நம் உடலிலிருந்து வெளிப்படும் வெப்ப அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணாடி அதனை மறித்துவிடும். ஆகவே அத்தகைய கேமராக்களில் ஜெர்மானியம் என்னும் பொருளால் லென்சு செய்கின்றனர். அது பார்வைக்கு உலோகம்போல் பளபளக்கும். ஒளி அதனுள் புகாது. வெப்ப அலையோ தெளிந்த நீரில் புகுவதுபோல் புகுந்து செல்லும்.

எல்லாவற்றினும் கடினமானது எக்ஸ் கதிர். அதன் அலைநீளம் அணுவின் அளவை ஒட்டியது. அதிற் பத்தில் ஒரு பங்கு வழவழப்பு வேண்டுமாயின், அணுக்களே மேடுபள்ளமாகிவிடுமே! நேராக விழும் எக்ஸ் கதிர் ஆடியில் திரும்புவதில்லை. உள்ளே புகுந்து மறைகின்றது. இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியை ஈயக் குட்டையின் கரையில் விளையாடும் சிறுவர்கள் அறிவார்கள். கல்லை மேலிருந்து போட்டால் அது மூழ்கும். தட்டையான கல்லை நீரை உரசினாற்போல் எறிந்தால் அது மூழ்காமல் தத்திச் செல்லும். எக்ஸ் கதிரையும் ஆடியின்மேல் அவ்வாறு உரசிச் செல்ல விட்டால் அது திரும்பிவிடும். சாய்ந்து நோக்கினால் கரடுமுரடான சாலையும் சமதரையாகத் தெரிவதில்லையா? உரசிச் செல்லும் கதிருக்கு அணுக்களின் மேடும் அவ்வாறே தாழ்ந்துவிடுகின்றது.

இம்முறையில் அமைந்ததே 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. அதன் ஆடிகள் கிண்ணம்போன்றவை அல்ல. அடிப்பாகம் நீக்கிய வாளிகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கியதுபோன்றவை. நான்கு இணை ஆடிகள். அவற்றின் உட்புறத்தில் இரிடியம் என்னும் உலோகப் பூச்சு. ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வில் உரசிச் செல்லும் கதிர்கள் 10 மீட்டருக்கு அப்பால் குவிகின்றன. எக்ஸ் கதிரைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், சந்திரனுக்குள்ள தூரத்தில் மூன்றிலொரு பங்குவரை சென்று திரும்பும் பாதையில் அதனைச் சுற்றவிட்டனர்.

அத்தொலைநோக்கிக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? சந்திரா! சுப்ரமணியன் சந்திரசேகர் என்னும் தமிழரின் நினைவாக இட்ட பெயர் அது. 1910ஆம் ஆண்டு லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து, 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர்.

பெருமக்களே, இனி நம் கண்ணுக்கு வருவோம். மேலே கூறிய கருவிகள் யாவும் மனிதன் செய்தவை. பிறக்கும்போதே நாம் இரு கருவிகளைக் கொண்டு வந்தோம். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமும் அதன் உள்ளேயிருக்கும் லென்சும் சேர்ந்து, பின்புறத்து விழித்திரையில் ஒளியைக் குவிக்கின்றன. உள்ளிருக்கும் லென்சு இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும். அருகிலுள்ளதைப் பார்க்கும்போது தடித்துக்கொள்ளும். நாற்பது வயதை ஒட்டி அந்த நெகிழ்ச்சி குறைகின்றது. அருகிலுள்ள பொருளின் ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்குப் பின்னே குவியப் பார்க்கும். இதனையே நம் பெரியோர் வெள்ளெழுத்து என்றனர்.

என் அன்னையார் இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பால் வெட்டினார். அவர் வெட்டிய பட்டையில் காயம் காண்பது அரிது. பட்டையை வெட்டும்போது உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவாவது விட்டுவைக்க வேண்டும். அதற்குமேல் கத்தி இறங்கினால் மரம் புண்பட்டு, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகும் என்பதை நான் உங்களுக்குக் கூற வேண்டியதில்லை. நாற்பத்தாறாம் வயதில் அவர் கத்தி தவறத் தொடங்கிற்று. "என்னம்மா, பட்டையை வெட்டச் சொன்னால் மரத்தையே வெட்டுகிறாயே!" என்று மண்டோர் கடிந்துகொண்டார். சில மாதங்களில் நிரையை வேறொருவருக்குக் கொடுத்து, அன்னையாரைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினர். கூலி குறைந்தது. கைந்நடுக்கம் என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் சிலர். கண்ணை எவரும் ஐயுறவில்லை. ஏனெனில் நண்பகலில் அவர் முற்றத்தில் அமர்ந்து, நாட்காட்டியின் சிற்றெழுத்துகளைச் சற்றே எட்டிப் பிடித்துப் படித்துவிடுவார்.

1999ஆம் ஆண்டு, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒளியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. நண்பகல் வெளிச்சத்தில் கண்மணி ஊசித்துளைபோல் சுருங்கிவிடும். நடுவழியே செல்லும் ஒளி மட்டும் உள்ளே புகுவதால் மங்கல் குறையும். விடியற்காலை இருளிலோ, தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் கண்மணி அகல விரியும். விளிம்பின் வழியே புகும் ஒளியும் உள்ளே வந்து, குவியாமல் பரவிவிடும். ஆகவே பகலிற் படிக்க வல்ல கண், விடியலில் வெட்டுக்கோட்டைக் காணாது!

விடுமுறையில் வந்ததும் அன்னையாரை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று கண்ணைச் சோதித்தோம். மேற்பாதி தொலைவிற்கும் கீழ்ப்பாதி அருகிற்குமாக ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கினோம். மறுநாள் விடியலில் அவர் எங்கள் வீட்டுக்குப் பின்னிருந்த கழிவு மரம் ஒன்றில் வெட்டிப் பார்த்தார். பட்டைச் சுருள் ஒரே சீராக இறங்கிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். மண்டோர் வந்து பார்த்தார். அடுத்த திங்கள் அவருடைய நிரை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் கழிந்த ஓராண்டின் கூலியும், அவர் பட்ட அவமானமும் திரும்பவில்லை.

ஆகவே மூன்று கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நாற்பது வயது கடந்தவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் முதலிற் கேளுங்கள். கண்ணாடி எதுவானாலும் போதும் என்று எண்ணாதீர்கள். அருகிற்கு மட்டும் உரிய கண்ணாடியோடு நிரையில் நடந்தால் தரை மங்கி, கால் இடறும். பார்வை பனிமூட்டம்போல் மறைந்தால் அது கண்புரையாக இருக்கலாம். கலங்கிய லென்சை நீக்கிப் புது லென்சைப் பொருத்தும் சிகிச்சை உண்டு.

இரண்டாவது, கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்குப் பிள்ளை என்று கூறிவிடாதீர்கள். தொலைவிலுள்ளது விழித்திரைக்கு முன்னதாகவே குவியும் குறை பிள்ளைகளிடம் மிகுதி. ஒரு கண்ணாடி அந்தப் பிள்ளையின் படிப்பையே மாற்றக்கூடும்.

மூன்றாவது, சூரியனை நேராக நோக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சூரிய கிரகணம் நம் நாட்டில் தெரிந்தது. இத்தகைய நாள்களில் எக்ஸ்ரே படத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் பிடித்துப் பார்ப்போர் உளர். பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல், கண்ணின் லென்சு விழித்திரையைச் சுட்டுவிடும். செந்நிறத்தை அடுத்துள்ள வெப்ப அலைகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் கண்ணின் லென்சு அவற்றையும் குவிக்கின்றது. கறுப்புக் கண்ணாடி ஒளியைக் குறைக்கலாம். வெப்ப அலையை விட்டுவிடும். விழித்திரைக்கு வலியுணர்ச்சியும் இல்லை. எனவே சுடுவது தெரியாமலே பார்வை போய்விடும். கிரகணத்திற்கென்றே முறையாகச் செய்த கண்ணாடியின்றிப் பார்த்தல் ஆகாது.

உதகையில் கம்பி, காவலூரில் மெருகேறிய ஆடி, விண்ணில் உரசித் திருப்பும் வாளி என அலைக்கேற்ற ஆடியை அறிஞர்கள் தேடிக் கண்டனர். உங்கள் கண்ணுக்கேற்ற கண்ணாடியையும் நீங்கள் தேடிக்கொள்ள வேண்டும். பார்வை மங்குவதை விதி என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்; அது குவியம் தவறிய செய்தி மட்டுமே. நாளை பெரட்டுக்குப் போகுமுன், இன்றிரவே உங்கள் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை விளக்கடியில் ஊசியில் நூல் கோக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் கையை எட்ட நீட்டினால், மறுநாளே அவரை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.